பாதம் வைத்த லேப்டாப்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கும் ஸ்ரீநாத்தை அக்கம்பக்கத்தில் 'கம்ப்யூட்டர் மாமா' என்று அழைப்பார்கள். இந்தப் பட்டத்துக்கான காரணங்களைத் தேடிப் போனால் ஒன்றுதான் தேறும். தொண்ணூறுகளின் நடுவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு சந்தில், மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. செருப்பைப் படியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கே அவர் ஆறு மாதம் படித்தார். படித்தார் என்று சொல்வது சென்டர்காரர்கள் கொடுத்த சான்றிதழ். உண்மையில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற ஏற்பாட்டில், மூன்றாவது ஆளாக நின்றுகொண்டு முதல் ஆளின் பிடரியைத்தான் அவர் ஆறு மாதமும் படித்தார். அந்தப் பிடரியில் இருந்த மச்சம் இன்றைக்கும் அவருக்கு நினைவிருக்கிறது. கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஒன்றும் நினைவில்லை.

பொன்மலை ரயில்வே பணிமனையில் அவர் குமாஸ்தா. அவருடைய செக்‌ஷனுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, அதிகாரி வாசலில் நின்று, "இங்க யாருக்குய்யா கம்ப்யூட்டர் தெரியும்?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த முஜிபுர் ரஹ்மான், தன் தலையில் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஸ்ரீநாத்தின் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினார். அன்று தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

அவருடைய வைத்தியம் ஒன்றே ஒன்று. அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. ஆனால் அதை அவர் செய்கிற விதம் இருக்கிறதே, அதற்குத்தான் கூட்டம். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "எப்போலேர்ந்து இப்படி?" என்பார். "புதுசா யாராவது தொட்டாளா?" என்பார். பிறகு, கேட்ட பதில்களெல்லாம் தம்முள் ஒன்றுசேர்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்காகச் சற்று நேரம் மோட்டுவளையைப் பார்ப்பார். அதன் பிறகே சுவிட்சில் கை வைப்பார். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாத வேளைகளில், "இது மதர்போர்டு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். மதர்போர்டு என்பது பச்சையா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது. தமக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் அவருடைய அறிவு பூரணமானது.

இந்தப் புகழுக்குச் சோதனை ஒரு விஜயதசமி நாளில் வந்தது.

அவருடைய மனைவி ரெங்கநாயகி பாசுரம் சொன்னால், மாடிப்படி ஏறுகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாரும் மாமியிடம் வந்து, "எங்களுக்குச் சொல்லித் தாங்கோ" என்று கேட்டதில்லை. புளிக்காய்ச்சல் கேட்டிருக்கிறார்கள். வடுமாங்காய் கேட்டிருக்கிறார்கள். முதன்முதலாகப் பாசுரம் கேட்டவர்கள் நியூஜெர்சியில் இருக்கும் சில அம்மாக்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு. படிப்பைத் தொடங்க உகந்த நாளாகிய விஜயதசமியன்று, இங்கே சாயங்காலம் ஆறரை, அங்கே காலை.

கேட்ட நாளிலிருந்து மாமி வேறு ஆளாகிவிட்டாள். தமிழ் எழுத்தையே தடவித் தடவிப் படிக்கிற குழந்தைகளுக்காக, பாசுரங்களைப் பெரிய எழுத்தில், சொல் சொல்லாகப் பிரித்து, மூச்சு விடவேண்டிய இடத்தில் ஒரு நிறம், நீட்டவேண்டிய இடத்தில் ஒரு நிறம் என்று லேப்டாப்பில் தானே தட்டி வைத்தாள். ஆடி மாதம் தொடங்கிய வேலை. சாம்பாருக்குப் புளி கரைத்துவிட்டு வந்து ஒரு வரி, தாளித்துவிட்டு வந்து ஒரு வரி. இந்தத் தட்டச்செல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. வேறு எங்காவது ஒரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் மாமா சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியது வேறு.

பணிமனையில் ஆயுத பூஜை என்றால் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. லேத்துக்குச் சந்தனம், கிரேனுக்கு மாலை, சுத்தியலுக்குக் குங்குமம், பொரி, சுண்டல் என்று அமர்க்களப்படும். அத்தனை இரும்புக்கும் மரியாதை நடக்கும்போது, நாளைக்குத் தேசாந்திரம் போய்ப் பாசுரம் பரப்பப்போகிற ஒரு லேப்டாப் வீட்டில் வெறும் நெற்றியோடு கிடப்பதா என்று ஸ்ரீநாத்துக்குத் தாங்கவில்லை. சரஸ்வதி பூஜையன்று மாமி அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தபோது, கல்விக் கடவுளான ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் மணை போட்டு, அதில் லேப்டாப்பை எழுந்தருளப் பண்ணினார். சந்தனம், குங்குமம் என்று பொதுப்படையாக விடவும் மனமில்லை. பாசுரம் சொல்லப்போகிற லேப்டாப். திருமண்தான் சாத்தவேண்டும் என்று முடிவாயிற்று.

சாத்துவது சரி, எங்கே சாத்துவது? லேப்டாப்புக்கு நெற்றி எது? மேல் மூடி என்றால் அது முதுகல்லவா? திரையில் வைத்தால் திரை கெடும். அவ்வளவு அறிவில்லாதவரா கம்ப்யூட்டர் மாமா? ஆழ்ந்து யோசித்ததில், திறந்த லேப்டாப்பில் திரைக்குக் கீழே, விசைகளுக்கு மேலே ஒரு பட்டையான இடம் தென்பட்டது. அகலம், நீளம், வழவழப்பு எல்லாம் அசல் நெற்றி. திருமண்ணைத் தீர்த்தம் விட்டுக் குழைத்து, இரண்டு கோடும் இழுத்து, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணமும் இட்டார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்ரீநாத் தென்கலை ஐயங்கார். தென்கலைத் திருமண்ணுக்கு அடியில் மூக்கின்மேல் இறங்குகிற பாதம் ஒன்று உண்டு. பாதம் இல்லாமல் விட்டால் அது வடகலையாகிவிடும். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு அந்தத் தவறைச் செய்ய அவருடைய கை ஒப்புமா? நெற்றிக்கு அடியில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது மேல் வரிசை விசைகளில் ஒன்று. அதன் தலையில் கொழகொழவென்று ஒரு பாதம் வைத்தார். பார்க்கக் கண் நிறைந்திருந்தது. மாமி வந்து பார்த்து, "நன்னாத்தான் இருக்கு, சொட்டறதேன்னா" என்றாள். "காஞ்சுடும்" என்றார்.

காய்ந்தது. மறுநாள் காலை பூஜை முடிந்ததும் ஈரத் துணியால் பக்தியோடு துடைத்தார். மேலே இருந்தது துணிக்கு வந்தது. மற்றது எங்கே போயிற்று என்று அவர் யோசிக்கவில்லை.

"ஏன்னா, போட்டுக் குடுங்கோ. ஒரு தடவை சரி பார்த்துடறேன்" என்றாள் மாமி, பிற்பகலில்.

போட்டார். கம்பெனியின் சின்னம் வந்தது. அடியில் புள்ளிகள் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றின. அரைச் சுற்று வந்தன. அப்புறம் அப்படியே நின்றன. உள்ளேயிருந்து பீ, பீ, பீ என்று மெல்லிய குரல் ஒன்று விடாமல் வந்தது.

ஸ்ரீநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"இப்போலேர்ந்துதான். நீங்கதானே போட்டேள்?"

"புதுசா யாராவது தொட்டாளா?"

"நீங்க தொட்டேள்."

மோட்டுவளையைப் பார்த்தார். அணைத்தார். போட்டார். சின்னம், ஒன்றரைச் சுற்று, பீ. மறுபடி அணைத்தார். மறுபடி பீ. கடைசியில் அவர் வாயைத் திறந்தபோது மாமி முந்திக்கொண்டாள்.

"மதர்போர்டுன்னு மட்டும் சொல்லாதீங்கோ. அத மத்தவாத்துல சொல்லிக்கோங்கோ. ஆடி மாசத்துலேர்ந்து கண்ணு பூத்துப்போகத் தட்டி வெச்சிருக்கேன். சாயங்காலம் குழந்தைகள்ளாம் வந்து உக்காரும். எனக்கு அது உள்ள இருக்கறது வேணும்."

ஸ்ரீநாத் தம் வாழ்க்கையில் முதல் முறையாகக் காபி கேட்காமல் எழுந்தார்.

லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தில்லை நகருக்குப் போனார். தில்லை நகரில் மனிதர்களுக்கு வரக்கூடிய அத்தனை வியாதிக்கும் ஆஸ்பத்திரி திறந்திருந்தது. லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்கும் கடை மட்டும் ஷட்டர் இறக்கிக் கிடந்தது. ஷட்டரின் இரு பக்கமும் வாழைக்கன்று; வாசலில் உடைத்த பூசணிக்காய். பலகையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். பிரிட்டோ என்பவர் எடுத்தார்.

"சார், கடை திங்கக்கிழமைதான் சார். ஆயுத பூஜை லீவு."

"உங்க பேரு பிரிட்டோதானே?"

"ஆமா சார், நான் ஆர்.சி. கிறிஸ்டியன். ஆனா பசங்க ஸ்க்ரூடிரைவரையெல்லாம் சாமிகிட்ட வச்சிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நான் எடுத்தா கோவிச்சுக்குவாங்க. பூஜைல வச்சதை எடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க?"

ஸ்ரீநாத் போனை வைத்தார். பூஜையில் எதையெல்லாம் வைப்பது என்ற கேள்வியில், அன்றைய தினம், அவருடைய நிலைமையும் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் அந்த உறுத்தல் இன்னும் முழு எண்ணமாகவில்லை. வந்த வழியே திரும்பினார். பாலத்தின் மேல் வரும்போது, ஒருவேளை ஸ்கூட்டரின் குலுக்கலில் தானாகச் சரியாகியிருக்குமோ என்று ஒரு நம்பிக்கை பிறந்தது. முப்பது வருஷத்து நிபுணர் ஒருவர் ஸ்கூட்டரின் குலுக்கலை நம்பி வீடு திரும்புகிறார் என்பதை எண்ணியபோது அவருக்கே சிரிப்பு வந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரர் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துத் திரும்பச் சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் போட்டுப் பார்த்தார். சின்னம், ஒன்றரைச் சுற்று, பீ.

மாமி கூடத்தில் பாயை விரித்து, பின்னால் தெரிய வேண்டிய சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். திட்டினாலாவது தேவலை என்று அவருக்கு இருந்தது. வேறு வழியில்லாமல், எவரிடம் போகக்கூடாதோ அவரிடமே போனார். முஜிபுர் ரஹ்மானுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன ஐயங்காரே, லீவு நாள்ல ஞாபகம்?"

"பாய், லேப்டாப் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. சின்னம் வந்து நின்னுடுது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப உன்கிட்ட இருந்த சரக்கு தீர்ந்துபோச்சு. அதுக்கு மேல உனக்கு என்னய்யா தெரியும்?"

"பாய், வீட்ல கேட்டுட்டிருக்காங்க. ஸ்பீக்கர்ல இருக்கு."

"கேக்கட்டுமே. அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி! இந்த மனுஷன் கையைத் தூக்கிவிட்டது நான்தான். அதுக்கு இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"இருக்கட்டும் அண்ணா. ஒங்க மேல தப்பில்லை. நான் கழுத்தை நீட்டினேனே, அதுக்கு நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?" என்றாள் மாமி, காலண்டரைச் சுருட்டியபடி.

முஜிபுர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, "ஆமா, பின்னால என்னய்யா பீ பீன்னு ஒரே சத்தம்? தெருவுல எவனாச்சும் ஹாரன்ல கையை வச்சுட்டு எடுக்காம நிக்கிறானா?" என்றார்.

"அது தெருவில்ல பாய். லேப்டாப்தான்."

"லேப்டாப்புக்கு ஏது ஹாரன்? யாரு அமுக்கறது?"

ஸ்ரீநாத், "மதர்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மாமி காலண்டரைக் கீழே வைத்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, லேப்டாப்பின் மேல் குனிந்தாள். விசைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். மேல் வரிசையின் நடுவில் விரல் நின்றது.

"ஏன்னா. இது மட்டும் ஏன் அமுங்கிண்டே கெடக்கு?"

பார்த்தார். அமுங்கித்தான் கிடந்தது. மற்ற விசைகள் நிமிர்ந்து நிற்க, அது ஒன்று மட்டும் சாஷ்டாங்கமாகச் சேவித்தபடி இருந்தது. அதன் ஓரத்தில், நகம் பட்டால் உதிரும்படி, வெள்ளையாக ஒரு கோடு. விரல் வைத்தவர் எடுக்காததுபோல, தொடக்கத்திலிருந்தே ஒரு விசை அமுங்கியே இருந்தால், லேப்டாப் பாவம் எதைக் கவனிக்கும்? என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று பீ பீ என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டது.

"திருமண்" என்றாள் மாமி.

"பாதம்" என்றார் ஸ்ரீநாத்.

போனிலிருந்து, "யாரோட பாதம்? என்ன ஆச்சு? கீழ விழுந்துட்டானா?" என்று முஜிபுர் கத்தினார்.

ரெங்கநாயகி பிறந்தது வடகலைக் குடும்பம். கும்பகோணத்துப் பக்கம். அங்கே திருமண் அடியில் வளைந்து நெற்றியோடு நின்றுவிடும், பாதம் கிடையாது. கல்யாணத்தன்று இந்தப் பக்கம் வந்தவள், அன்றிலிருந்து இந்தப் பேச்சை வாய் திறந்து எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தாள்.

"எங்காத்துத் திருமண்ணா இருந்தா மேலயே நின்னிருக்கும். ஒங்களுக்குத்தானே பாதம் வெச்சாகணும்!"

முன்னூறு வருஷமாகப் பெரியவர்கள் வாதாடியும் தீராத வழக்கொன்று, அம்மா மண்டபம் ரோடு இரண்டாவது மாடியில், ஒரு லேப்டாப்பைச் சாட்சியாக வைத்து, அவருக்கு எதிராகத் தீர்ந்துபோனதைப் போல ஸ்ரீநாத் உணர்ந்தார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்தார்கள். மாமி புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, விசையின் ஓரத்தில் விட்டுச் சுரண்டினாள். ஸ்ரீநாத் ஊதினார். "ஊதாதீங்கோ, எச்சில் தெறிக்கறது" என்றாள். ஊதுவதை நிறுத்தி, டார்ச் பிடித்தார். வெள்ளைப் பொருக்கு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடைசியில் விசை, டக் என்று எழுந்து நின்றது.

போட்டார்கள். சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. ஒன்றரைச் சுற்றைத் தாண்டின! இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. பீ இல்லை. மாமி கை கூப்பினாள். ஸ்ரீநாத், வெற்றி பெற்றவர் செய்வதுபோல, காபி கேட்க வாயெடுத்தார்.

திரை நீலமாயிற்று. அதில் எழுத்துகள் வந்தன. தான் இப்போது தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும், பொறுமையாக இருக்குமாறும், எக்காரணம் கொண்டும் அணைக்கவேண்டாம் என்றும் லேப்டாப் கேட்டுக்கொண்டது.

அணைக்கவேண்டாம்! ஒரு பாடகரிடம் வாயைத் திறக்காதே என்றால் அவர் என்ன செய்வார்? ஸ்ரீநாத் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு லேப்டாப்புக்கு எதிரில் நின்றார். சதவீதம், கோயில் வாசலில் கால் வலியோடு படியேறுகிறவரைப் போல, ஒவ்வொன்றாக ஏறியது. சில இடங்களில் உட்கார்ந்தும் கொண்டது. மணி ஆறு இருபது.

"ஆகாதுன்னா" என்றாள் மாமி. போனைக் கையில் எடுத்தாள். "போன்லயே எடுத்துடறேன். எனக்குத் தெரியாத பாசுரமா? குழந்தைகளுக்குத்தான் பார்த்துச் சொல்ல ஒண்ணுமிருக்காது."

போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ரீநாத் லேப்டாப்போடு உள் அறைக்குப் போனார். கதவிடுக்கு வழியாகக் கேட்டது. நியூஜெர்சிக் குழந்தைகள் "நமஸ்காரம் மாமி" என்று ஆளுக்கொரு ஸ்வரத்தில் சொன்னார்கள். மாமி முதல் வரியைச் சொன்னாள். திரும்ப வந்தது வரியல்ல, ஒரு இரைச்சல். மறுபடி சொன்னாள். "மாமி, எனக்கு எங்க பிரிக்கறதுன்னே தெரியல. ஸீ பண்ணாதான் வரும்" என்று சௌமியா என்ற பெண்குழந்தை அழமாட்டாக்குறையாகச் சொன்னது. மாமி மூன்றாம் முறை சொன்னாள். குரலில் பொறுமை இருந்தது, உற்சாகம் போயிருந்தது. மாடிப்படியில் ஆட்களை நிறுத்துகிற குரல் அது இல்லை. ஸ்ரீநாத் தலையைக் குனிந்துகொண்டார். தாம் வைத்த பாதம் சரியான இடத்தில்தான் வந்து மிதித்திருக்கிறது என்று தோன்றியது.

அப்போது திரை வெளுத்தது. லேப்டாப் விழித்துக்கொண்டது. மாமியின் கோப்பு இருந்தது, திறந்தது. பெரிய எழுத்தில், சொல் சொல்லாக, நீலமும் சிவப்புமாக. எதை அழுத்தினால் இது குழந்தைகளின் திரைக்குப் போகும் என்று தேடினார். மீட்டிங் செயலியைத் திறந்தார். அதுவும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது.

கம்ப்யூட்டர் மாமா தம் வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு தொழில்நுட்ப முடிவை எடுத்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். போனில் தம் முகம் தெரியாதபடி தவழ்ந்து, மாமிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, லேப்டாப்பைப் போனுக்கு நேராகத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டார்.

மாமி திரும்பிப் பார்த்தாள். தன் எழுத்தைப் பார்த்தாள்.

"தெரியறதா குழந்தைகளா?"

"தெரியறது மாமி! பிக்கா இருக்கு!" என்றாள் சௌமியா.

"சிவப்பு வந்தா மூச்சு விடணும். நீலம் வந்தா நீட்டணும். எங்கே, சொல்லுங்கோ."

மாமியின் குரல் கிளம்பியது. அதுதான், அந்தக் குரல்தான். பின்னாலேயே குழந்தைகள் பிடித்துக்கொண்டு வந்தார்கள், சிவப்பில் நின்று, நீலத்தில் இழுத்து. பக்கம் மாறவேண்டியபோது மாமி ஒரு விரலை நீட்டித் தட்டினாள். ஸ்ரீநாத்தின் புஜங்கள் நடுங்கத் தொடங்கின. முழங்கால் பாயைத் தாண்டித் தரையில் பதிந்தது. வலித்தது. வலி தெரியாமல் இருப்பதற்காக, தாமும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். அவருடைய ஸ்வரம் பொன்மலைப் பணிமனையில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும் ஸ்வரம்.

குழந்தைகள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"மாமி" என்றாள் சௌமியா. "உங்க லேப்டாப் ஸ்டாண்ட் ஆடறது."

"பழைய ஸ்டாண்ட் கொழந்தே. கொஞ்சம் ஆடும்."

"ஆனா மாமி, அது பாடறது. மியூட் பண்ணுங்கோளேன்."

"அத மியூட் பண்ண முடியாதும்மா" என்றாள் ரெங்கநாயகி, அடுத்த பக்கத்துக்கு விரலை நீட்டியபடி. "நானும் கல்யாணமான நாள்லேர்ந்து பார்த்துண்டிருக்கேன். நீங்க எல்லாரும் இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ, அமுங்கிடும்."